ஈசுவரி மாமியின் பெயரை விழுங்கிய பக்கம்

காலையில் கடை திறந்த கையோடு நஸ்ரின் கணினிகளின் மேல் போர்த்தியிருந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் வாசலுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு உள்ளே வர ரெலிபோன் அடித்தது. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் எடுத்தேன்.

ரொறன்ரோவிலிருந்து ஈசுவரி மாமி. என் அக்கா சாந்தியைக் கட்டப்போகிற குகன் அத்தானுடைய தாய். கலியாணத்துக்கு இன்னும் சில கிழமைதான் இருந்தது.

முதல் நாள்தான் கலியாண அழைப்பை ஒரு இணையப் பக்கமாகச் செய்து போட்டிருந்தோம். அதைப் பார்த்துவிட்டுப் புகழத்தான் எடுக்கிறா என்று நினைத்து, பக்கம் பாத்தனீங்களோ மாமி, வடிவாயிருக்கோ என்று கேட்டேன்.

மறுமுனையில் சத்தமில்லை. கடல் தாண்டிக் குரல் வந்துசேரக் கொஞ்சம் சுணங்கும் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

"பிள்ளை, என்ர மகனுக்குத் தாய் இல்லையோ?"

அவ்வளவுதான். ரெலிபோனை வைத்துவிட்டா.

நஸ்ரின் பாதி மடித்த துணியோடு என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். அவளுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அந்தப் பக்கத்தில் மாமியின் பெயர் இருந்தது. நானே அடித்தது, ஒவ்வொரு எழுத்தாக.

அந்தப் பெயருக்கு என்ன நடந்தது என்று சொல்ல முதல், அந்தப் பக்கத்தை எதை வைத்துச் செய்தோம், அதற்கு எவ்வளவு சண்டை பிடித்தோம் என்று சொல்லவேண்டும்.

ஒரு இணைப்பு, இரண்டு சனம்

கொழும்பில் கணினி படித்ததைப் போன கிழமைப் பத்தியில் எழுதியிருந்தேன். படித்து முடித்துத் திருகோணமலைக்குத் திரும்பி வந்ததும் ஜெகன் அண்ணாவின் கடையில் வேலை கிடைத்தது. துறைமுகப் பக்கம் போகிற தெருவில், ஒரு தையல் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில். முன்பக்கம் வெளிநாட்டுக்கு ரெலிபோன் எடுக்க வருகிற சனம். பின்பக்கம் கணினி வகுப்பு.

இரண்டுக்கும் ஒரே ரெலிபோன் இணைப்பு. பின்னால் நாங்கள் இணையத்துக்குள் போனால் முன்னால் கதைக்க ஏலாது. முன்னால் ஒரு தாய் மகனோடு கதைத்து அழுதுகொண்டிருந்தால் பின்னால் இணையம் இல்லை. யாருக்கு அவசரம் என்று ஜெகன் அண்ணா தினமும் நீதி சொல்லவேண்டும். அநேகமாக அழுகிறவர்கள்தான் வெல்லுவார்கள்.

ஜெகன் அண்ணா முன்பு ரேடியோ திருத்தினவர். கனத்த உடம்பு, மெல்லிய குரல். எந்தப் புதுப் பெட்டியைக் கண்டாலும் முதலில் காதை வைத்துக் கேட்பார். கணினிக்கும் அப்படித்தான்.

நஸ்ரின் கிண்ணியாவிலிருந்து வருவாள். அந்தப் பக்கத்துக்கு அப்போது பாலம் இல்லை. 'பாதை' என்று நாங்கள் சொல்கிற தட்டையான பெரிய படகில் சனம், சைக்கிள், ஆடு, லொறி எல்லாம் ஒன்றாகக் கடல்வாயைக் கடந்து வரவேண்டும். பிறகு பஸ். பிறகு சோதனைச் சாவடி. பாதை ஓடாத நாளில் நஸ்ரின் இல்லை. ஓடுகிற நாளில் என்னை முந்திக் கடை வாசலில் நிற்பாள்.

அவளுடைய வாப்பா நெல் வியாபாரி. மகள் கணினி படிப்பதை அவர் மறிக்கவில்லை. கொம்பியூட்டர் வெயிலில் நிக்காத வேலைதானே என்றாராம். நஸ்ரினுக்கு எதையும் கையோடு முடிக்கவேண்டும். எனக்கு எதையும் கழற்றி உள்ளே பார்க்கவேண்டும். இதனால் நாங்கள் சேர்ந்து செய்த வேலைகள் எல்லாம் நன்றாகவும் சண்டையோடும் முடிந்தன.

தாலி கட்டுகிற அன்றைக்கே

குகன் அத்தான் இங்கே ஒரு நிவாரண அலுவலகத்தில் வேலை செய்தார். தாய், தகப்பன், தங்கச்சி மூன்று பேரும் கனடாவுக்குப் போய்விட்டார்கள். இவரையும் வரச்சொல்லி மாமி கிழமைக்குக் கிழமை எங்கள் கடைக்குத்தான் எடுப்பா. இவர் வந்து நின்று ஓம் அம்மா, ஓம் அம்மா என்று கேட்டுவிட்டு வெளியே போவார். வெளியே பெரும்பாலும் அக்கா நிற்பாள். காரியம் விளங்கின பிறகு மாமி கொஞ்சக் காலம் அக்காவைப் பற்றிக் கேட்கவே இல்லை. பிறகு ஒருநாள், அந்தப் பிள்ளைக்குப் புட்டு அவிக்கத் தெரியுமோ என்று கேட்டா. அதோடு சம்மதம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

ஆனால் அவர்களால் வர ஏலாது. கனடாவில் அவர்களுடைய குடிவரவு இன்னும் சரிவரவில்லை. வெளிக்கிட்டால் திரும்பிப் போக ஏலாது. ஒரே மகனுடைய தாலிகட்டைத் தாய் பார்க்கப்போவதில்லை. வீடியோ கசற் அனுப்பலாம்தான். அது எந்தெந்தத் தபால் கந்தோரில் கிடந்து எப்போது போய்ச்சேரும் என்று யாருக்கும் தெரியாது.

ஒருநாள் ரெலிபோனில் மாமி அழுதா. சத்தமில்லாத அழுகை. மூக்கை உறிஞ்சுகிறதுதான் கேட்டது. எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ தெரியாது.

"மாமி, தாலி கட்டுற அன்றைக்கே நீங்கள் படம் பாப்பீங்கள். அழாதீங்கோ."

எங்களுக்குக் காலை என்றால் அவர்களுக்கு முந்தின இரவு. முகூர்த்தம் முடிந்த கையோடு படங்களை ஒரு இணையப் பக்கத்தில் போட்டால், அவர்கள் படுக்கப்போக முதல் பார்க்கலாம். சொல்லிவிட்டேன். அதுவரை நான் செய்திருந்த இணையப் பக்கங்கள் எல்லாம் வகுப்புக்காகச் செய்தவை. ஒன்றுகூடக் கடையை விட்டு வெளியே போனதில்லை.

மூன்று வழி

இணையப் பக்கம் எழுத எங்களிடம் மூன்று வழி இருந்தது.

முதலாவது, பெரிய மென்பொருள் ஒன்று. அதை நாங்கள் 'பெரியவர்' என்று சொல்வோம். கடையில் இதையும் படிப்பிக்கவேண்டும் என்று ஜெகன் அண்ணா ஆசைப்பட்டு, என்னைக் கொண்டுதான் கொழும்பிலிருந்து அந்த சீடியை எடுப்பித்தார். பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கின ஒரு சாவடியில் இளம் ராணுவ ஆள் ஒருவர் அதை உறையிலிருந்து எடுத்தார். படமோ என்று அரைகுறைத் தமிழில் கேட்டார். இல்லை, எழுதுறதுக்கு என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். பளபளக்கிற பக்கத்தில் தன் முகத்தைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி, தலையைக் கோதி, தொப்பியைச் சரியாக வைத்து, சீடியைத் திரும்பத் தந்தார். அந்த மென்பொருளால் உடனடியாகப் பயன்பெற்ற முதல் ஆள் அவர்தான்.

பெரியவரில் கட்டளை ஒன்றும் தெரியத் தேவையில்லை. கலியாண அட்டைக்கு ஒட்டுவதுபோலப் படத்தை வைக்கலாம், எழுத்தை வைக்கலாம், புறாவைப் பறக்கவிடலாம். கட்டளைகளை அது தானே எழுதிக்கொள்ளும். ஆனால் எங்கள் கணினியில் அது திறக்கிற நேரத்துக்குள் தேத்தண்ணி ஊற்றிக் குடித்து முடிக்கலாம்.

இரண்டாவது, 'சின்னவர்'. இணையம் பார்க்கிற மென்பொருளோடு சும்மா வந்தது. இதுவும் பெரியவர் மாதிரித்தான், ஆனால் புறா இல்லை, பூ இல்லை. எழுத்து, படம், கோடு, அவ்வளவுதான். சட்டென்று திறக்கும்.

மூன்றாவது என்னுடைய வழி. மென்பொருள் என்றே சொல்ல ஏலாத வெறும் வெள்ளைப் பக்கம். அதில் எல்லாக் கட்டளையையும் கையால் எழுதவேண்டும். இங்கே தடித்த எழுத்து, இங்கே படம், இங்கே புது வரி. கஷ்டம்தான். ஆனால் பக்கத்தில் என்ன இருக்கிறதோ அவ்வளவும் என் கை வைத்தது. எனக்கு அதில் ஒரு கர்வம். பெரியவரை வைத்துச் செய்கிறவர்களைப் பார்த்தால், கடையில் வாங்கின சோற்றை வீட்டுக் கோப்பையில் போட்டுத் தருகிறவர்கள் மாதிரி இருக்கும்.

மூன்றிலும் ஒரே அழைப்பைச் செய்து பார்ப்பது என்று முடிவெடுத்தோம். ரொறன்ரோவில் இருக்கிற அத்தானின் தங்கச்சி பார்த்து எது நல்லது என்று சொல்லவேண்டும். எங்களுக்கு இடம் தந்தது இலவசமாகப் பக்கம் வைத்திருக்கவிடுகிற ஒரு தளம். இலவசம் என்றபடியால் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு விளம்பரம் போடுவார்கள். எங்களுக்கு வாய்த்தது உடம்பு மெலிய மாத்திரை.

ஜெகன் அண்ணா பெரியவரில் செய்தார். மூன்று புறா, ஒரு பூமாலை, மின்னுகிற குத்துவிளக்கு. அதை அனுப்ப அனுப்ப இணைப்பு அறுந்தது. ஒருவாறு போய்ச்சேர்ந்த பிறகு தங்கச்சி சொன்னாள், புறா வந்துவிட்டதாம், அழைப்பு இன்னும் வரவில்லையாம். வந்த பிறகும் அவளுடைய கணினியில் மாப்பிள்ளை மேலேயும் பொம்பிளை வெகு கீழேயுமாக நின்றார்களாம்.

நஸ்ரின் சின்னவரில் செய்தாள். எல்லாம் இருந்தது, எல்லாம் வாசிக்க முடிந்தது. பள்ளிக்கூட அறிவித்தல் பலகை மாதிரி இருக்கு என்று தங்கச்சி சொன்னாள்.

மூன்றாவது என்னுடையது. கண் மூடித் திறக்கிறதுக்குள் வந்துவிட்டதாம். மெல்லிய கரை, நடுவில் எழுத்து, அளவான மஞ்சள். இதுதான் வடிவு, அம்மாவையும் அப்பாவையும் கூப்பிட்டுக் காட்டுறன் என்று எழுதியிருந்தாள். நான் அன்று முழுக்க நஸ்ரினுக்கு முன்னால் தலையை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த நாள் காலைதான் அந்த ரெலிபோன்.

அப்பாவுக்கும் மகனுக்கும் கலியாணம்

முன்பக்கத்தில் ஆள் வருவதற்குள் இணையத்துக்குப் போய்ப் பக்கத்தைத் திறந்தோம். நஸ்ரின் சத்தமாக வாசித்தாள். நான் எழுதியிருந்தது, 'திரு. கந்தையா, ஈசுவரி தம்பதிகளின் ஏக புதல்வன், குகனுக்கும்' என்று. பக்கத்தில் இருந்தது, 'திரு. கந்தையா, குகனுக்கும்'. அதன் பின்னால் அக்காவின் பெயர், முகூர்த்தம், மண்டபம் எல்லாம் ஒழுங்காக இருந்தன.

"அப்ப சாந்திக்கு மாப்பிள்ளை ரெண்டு பேரோ?" என்றார் ஜெகன் அண்ணா.

நஸ்ரின் மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். எனக்குச் சிரிக்க ஏலவில்லை. வெள்ளைப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அங்கே மாமியின் பெயர் அச்சொட்டாக இருந்தது. இங்கே இருக்கிறது, அங்கே இல்லை. ஜெகன் அண்ணா கணினிக்குக் காதை வைத்துப் பார்த்தார்.

கடைசியில் நஸ்ரின்தான், தமிழ் எழுத்துருவை எடுத்துவிட்டு ஆங்கில எழுத்தில் பாப்பம் என்றாள். அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துரு ஒரு வேஷம் மாதிரி. உள்ளே இருப்பது ஆங்கில விசைதான். மேலே தமிழ் முகம் பூட்டியிருக்கும். முகத்தைக் கழற்றினோம். மாமியின் பெயர் தொடங்குகிற 'ஈ' இருந்த இடத்தில் < என்ற கோணக் குறி நின்றது.

இணையப் பக்கத்தில் ஒவ்வொரு கட்டளையையும் ஒரு கோணக் குறியால் திறந்து > என்ற இன்னொரு கோணக் குறியால் மூடுவோம். இரண்டுக்கும் நடுவில் இருப்பதைக் கணினி கட்டளை என்று எடுத்துக்கொள்ளும், வெளியே காட்டாது. எங்கள் எழுத்துருவைச் செய்த புண்ணியவான் 'ஈ'யைத் திறக்கிற குறியிலும் காற்புள்ளியை மூடுகிற குறியிலும் கொண்டுபோய் வைத்திருந்தார். ஆகவே மாமியின் முதல் எழுத்திலிருந்து அடுத்த காற்புள்ளி வரை கணினி ஒரே கட்டளையாக விழுங்கிவிட்டது. 'ஈசுவரி தம்பதிகளின் ஏக புதல்வன்' என்றொரு கட்டளை அதற்குத் தெரியாதபடியால் பேசாமல் இருந்துவிட்டது.

பெரியவரும் சின்னவரும் இப்படி விழுங்குவதில்லை. அந்தக் குறியை நாங்கள் எழுத்தாக அடித்தால், இது கட்டளையில்லை, எழுத்து என்று தாங்களே உள்ளே குறித்துவிடுவார்கள். கையால் எழுதினால் அதை நாங்கள்தான் குறிக்கவேண்டும். தமிழ் முகத்தைப் பார்த்துக்கொண்டு அடித்த எனக்கு அங்கே ஒரு கோணக் குறி நிற்பது எப்படித் தெரியும்?

இதை மாமிக்கு விளங்கப்படுத்த ரெலிபோன் எடுத்தேன். குறி, விசை, முகம் என்று சொல்லச் சொல்ல எனக்கே பொய் சொல்கிறமாதிரி இருந்தது. பின்னால் கந்தையா மாமா சிரிக்கிற சத்தம் கேட்டது. தனக்கும் திரும்பக் கலியாணமாம் என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். அது மாமியின் கோபத்துக்கு இன்னும் எண்ணெய் ஊற்றியது.

"எல்லாற்ற பேரும் இருக்குப் பிள்ளை. என்ர பேரை மட்டுமே அதுக்குப் பிடிக்கேல்லை?" என்று கேட்டா.

அதற்கு மேல் அவ சொல்லாததும் எனக்குக் கேட்டது. முதலில் சம்மதிக்காத தாய் என்பதால் பொம்பிளை வீட்டார் பெயரை எடுத்துவிட்டார்கள் என்று நினைக்கிறா.

வீட்டில், லிங்கநகரில், அன்று எல்லோரும் மெதுவாகக் கதைத்தார்கள். அத்தான் வந்து, அம்மா அப்படித்தான், ஆறிடுவா என்றார். பிறகு குசினிக்குள் தேங்காய் திருவிக்கொண்டிருந்த அக்கா கையை நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னாள்:

"அவ மனம் நொந்துகொண்டு இருக்க நான் கழுத்தை நீட்ட மாட்டன் வாணி. நீ என்னவோ செய்."

தெரிவு

என்னவோ செய் என்றால் என்ன செய்வது? அழைப்புப் பக்கத்தைத் திருத்துவது சின்ன வேலை. அன்றே திருத்திப் போட்டேன். மாமி அதைப் பார்த்தாவா என்றுகூடத் தெரியவில்லை. ரெலிபோன் வரவில்லை. இனி மிச்சம் இருந்தது நான் கொடுத்த வாக்கு மட்டும்தான். தாலி கட்டுகிற அன்றைக்கே படம்.

அதில் இன்னொரு சிக்கல். நான் பொம்பிளையின் தங்கச்சி. மணவறையில் தோழியாக நிற்கவேண்டியவள். கணினிக்கு முன்னால் இருக்க ஏலாது. நஸ்ரின் தனியாகத்தான் செய்யவேண்டும். ஆகவே எந்த மென்பொருள் என்ற கதை திரும்பத் தொடங்கியது.

ஜெகன் அண்ணா பெரியவரை விடமாட்டேன் என்றார். ஒரு புறாவாவது பறக்காவிட்டால் அது கலியாணமோ என்பது அவருடைய நியாயம். நான் வெள்ளைப் பக்கத்தை விடமாட்டேன் என்றேன். இப்போது 'ஈ' எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது, இனி விடமாட்டேன், எல்லாவற்றையும் முதலே எழுதித் தருகிறேன் என்றேன்.

நஸ்ரின் எங்கள் இரண்டு பேரையும் கதைக்கவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்றைக்குக் கதிரையில இருக்கப்போறது நான்," என்றாள். "பெரியவர் திறக்க முதல் கரண்ட் போயிடும். வாணியின்ர வெள்ளைப் பக்கத்தில ஒரு குறி தவறினாலும் எனக்குத் தேட நேரம் இல்லை. பிழை விட்டாலும் பக்கம் நிக்கவேணும். நான் சின்னவரில செய்யிறன்."

பள்ளிக்கூட அறிவித்தல் பலகை என்று நான் நினைவூட்டினேன்.

"ஓம். அறிவிக்கத்தானே போறம்?" என்றாள்.

ஜெகன் அண்ணா பெரியவரின் சீடியை எடுத்து உறைக்குள் போட்டார். எனக்குள் ஒன்று சுருங்கியது உண்மை. கையால் எழுதுகிறவள் என்ற கர்வத்தை மடித்து வைப்பது லேசான காரியம் இல்லை. ஆனால் அவள் சொன்னதைத் திரும்பத் திரும்ப நினைக்க எனக்கே ஒரு நிம்மதி வந்தது. அதுவரை எது நல்ல மென்பொருள் என்றுதான் நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். யார், எங்கே, எந்த நேரத்தில் இருந்து எழுதப்போகிறார் என்று அவள் மட்டும்தான் கேட்டாள்.

பக்கத்தின் எலும்புக்கூட்டை நான் செய்து தந்தேன். கரை, மஞ்சள், படங்களுக்கு இடம். தமிழ் எழுத்தையும் படத்தையும் அவள் சின்னவரில் வைப்பாள். ஒத்திகைக்கு அப்பாவும் அம்மாவும் எடுத்த பழைய கலியாணப் படத்தைப் பயன்படுத்தினோம். அப்பா சீனன்குடாவில் எண்ணெய் சேர்த்து வைக்கிற பெரிய குதங்கள் இருக்கிற பக்கம் வேலை செய்தவர். பாஸ் இல்லாமல் உள்ளே போக ஏலாத இடம். தன் முகம் உலகம் முழுக்கத் தெரிகிறது என்று கேள்விப்பட்டதும் சைக்கிளில் கடைக்கு வந்துவிட்டார். உடனே எடுங்கோ பிள்ளையள், மேலிடத்தில கேப்பாங்கள் என்றார். எடுக்க முதல் ஒருதரம் பாக்கலாமோ என்றும் கேட்டார். பார்த்தார். மாலையும் கழுத்துமாய் இருந்த அம்மாவை நல்ல நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எடுத்தோம்.

அந்தக் காலை

கலியாண நாளுக்கு முந்தின பின்னேரமே நஸ்ரின் டவுனில் இருந்த தன் மாமி வீட்டுக்கு வந்து தங்கிவிட்டாள். நல்ல காலம். விடிய எங்கோ வெடிச்சத்தம் கேட்டு, கிண்ணியாப் பக்கத்து றோட்டை மூடிவிட்டார்கள் என்று கதை வந்தது.

படம் எடுக்க அத்தானின் அலுவலகத்திலிருந்து ஒரு கமெரா வந்தது. புளொப்பியை அதற்குள்ளேயே போட்டால் படங்கள் அதில் விழும், கழுவத் தேவையில்லை. கமெராவுக்கு ராணுவத்திடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி எடுத்திருந்தார்கள். ஒரு நிபந்தனை, எந்தப் படத்திலும் துறைமுகம் விழக்கூடாது. மண்டபத்தின் பின்பக்க யன்னல்களில் கப்பல்கள் தெரியும். அம்மாவும் பெரியம்மாவும் தங்கள் கூறைச் சேலைகளைக் கொண்டுவந்து யன்னலுக்கு யன்னல் கட்டிவிட்டார்கள். கடற்காற்றுக்கு அந்தச் சேலைகள் ஊதி ஊதி எழும்பின. மண்டபத்துக்கு அதைப்போல ஒரு சோடனை வேறு யாரும் செய்திருக்க ஏலாது.

கெட்டிமேளம் கொட்டியது. அத்தான் தாலி கட்டினார். நான் பின்னால் விளக்கோடு நின்றேன். கமெரா வைத்திருந்தவர் புளொப்பியைக் கழற்றி ஜெகன் அண்ணாவிடம் கொடுக்க, அவர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, புளொப்பியைச் சட்டைப்பைக்குள் போட்டு, கையால் பொத்திப் பிடித்தபடி சைக்கிளில் ஏறிப் போனார். யன்னல் சேலையின் இடுக்கால் அவர் போவதை நான் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே காற்றாடி மெதுவாகச் சுற்றி நின்றது.

அக்கா தலையைக் குனிந்தபடியே, கரண்ட் போட்டுதோ என்று கேட்டாள். பேசாம இரு என்றேன். ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். கடை கூப்பிடுதூரத்தில்தான். ஆனால் தோழி மணவறையை விட்டு ஓட ஏலுமா? அருந்ததி பார்க்கிற சடங்கு முடியும் வரை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடையில் நடந்ததை நஸ்ரின் பிறகு சொன்னாள். புளொப்பியைக் கணினிக்குள் போட்டதும் கரண்ட் போனது. மேசைக்குக் கீழே இருந்த பற்றரிப் பெட்டி கீக், கீக் என்று கத்தத் தொடங்கியது. அது கிழட்டுப் பெட்டி. எவ்வளவு நேரம் தாங்கும் என்று அதற்கே தெரியாது. ஜெகன் அண்ணா அதன் பக்கத்தில் குந்தியிருந்து அதைத் தடவிக்கொண்டிருந்தாராம். சின்னவர் சட்டென்று திறந்தது. இருந்த படங்களில் இரண்டை மட்டும் எடுத்தாள். வைத்தாள். மேலே இரண்டு வரி அடித்தாள். முன்பக்கத்தில் ரெலிபோனுக்கு வந்திருந்த ஒரு அம்மாவிடம், கொஞ்சம் பொறுங்கோ, ஒரு தாய்க்குத்தான் அனுப்புறன் என்று சொல்ல, அந்த அம்மா எழும்பி வந்து பின்னால் நின்று பார்த்தாவாம். படம் போனது. அடுத்த படமும் போனது. பற்றரிப் பெட்டி ஒரு நீளக் கத்து கத்தி, கணினி இருண்டது.

இது ஒன்றும் தெரியாமல் நான் மணவறையில் நிற்க, வாசலில் கூட்டத்துக்குப் பின்னால் நஸ்ரினின் முக்காடு தெரிந்தது. அவள் என்னைக் கண்டு மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

அக்காவின் காதுக்குள், படம் போட்டுது என்றேன். குனிந்திருந்த தலைக்குக் கீழே அவள் சிரிக்கிறது எனக்குத் தெரிந்தது.

எல்லோரும் கடையில்

பந்தி முடிகிற நேரம் காற்றாடிகள் திரும்பச் சுற்றின. யார் முதலில் எழும்பினார்கள் என்று தெரியாது. மாலையும் கழுத்துமாய் மாப்பிள்ளை பொம்பிளை, பின்னால் அம்மா, அப்பா, பெரியம்மா, வெற்றிலையோடு ஐயர் என்று சனம் தெருவில் இறங்கி நடக்கத் தொடங்கியது. சந்தியில் சாவடியில் நின்றவர் துவக்கைத் தோளில் மாற்றிக்கொண்டு வழிவிட்டார்.

கடைக்குள் எல்லோரும் கொள்ளவில்லை. நஸ்ரின் இணைப்பை எடுத்தாள். பக்கம் மெதுவாக மேலிருந்து இறங்கியது. முதலில் உடம்பு மெலிய மாத்திரை விளம்பரத்தில் சிரிக்கிற பெண் வந்தாள். பெரியம்மா இது ஆர் என்று கேட்டா. அதற்குக் கீழே, பெரிய எழுத்தில், நான் எழுதிக்கொடுத்த வாழ்த்துப்பாவை விட்டுவிட்டு நஸ்ரின் தானாக அடித்த இரண்டு வரி:

ஈசுவரி மாமி, கந்தையா மாமா, உங்கட மகன் தாலி கட்டிட்டார்.
நீங்கள் இல்லாத குறை ஒன்றுதான். பாருங்கோ.

அறிவித்தல் பலகை மாதிரித்தான் இருந்தது. 'ஈ' முழுசாக, தன் இரண்டு புள்ளியோடும் நின்றது. அத்தான் கண்ணாடியைக் கழற்றிச் சால்வையில் துடைத்தார்.

பிறகு இரண்டு படம். அத்தானின் கைகள், அக்காவின் முகமும் கழுத்தும், பின்னால் ஊதி நிற்கிற ஒரு கூறைச் சேலை, மூலையில் என் கையில் இருந்த விளக்கு. சனம் கைதட்டியது. தெருவில் நின்றவர்கள் என்னத்துக்கு என்று தெரியாமல் தாங்களும் தட்டினார்கள்.

ஜெகன் அண்ணாதான், இணைப்பை விடுங்கோ பிள்ளை, அவையள் எடுத்தாலும் எடுப்பினம் என்றார். நஸ்ரின் விட்டாள். விட்ட உடனே ரெலிபோன் அடித்தது.

நான் எடுத்தேன். மாமி என்னோடு கதைக்கவில்லை. சாந்தியிட்டக் குடு என்றா.

அக்கா மாலை நசியாமல் ரிசீவரைக் காதில் வைத்தாள். மறுமுனையில் மாமியின் குரல் பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. அழுது முடித்த குரல், ஆனால் உஷாரான குரல்.

"பிள்ளை, உன்ர நெற்றிச்சுட்டி இடப்பக்கம் சரிஞ்சு கிடக்கு. ஒருத்தரும் சொல்லேல்லையோ? நேராக்கு."

அக்கா கையை உயர்த்தி, கண்ணாடி இல்லாமலே, நெற்றிச்சுட்டியைத் தடவி நடுவுக்கு இழுத்தாள். கடை முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. அவள் முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்தி, ரிசீவருக்குள் கேட்டாள்.

"இப்ப சரியோ மாமி?"

கடல் தாண்டிப் பதில் வரக் கொஞ்சம் சுணங்கியது.

"ஓம். இப்ப சரி."